ஒன்ராறியோவில் கலைச் சிகிச்சையாளராகப் பதிவு: எந்த மணி கணக்கில் வரும், எது வராது?

நீர்வண்ணம் — ஸ்காபரோ

எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் கலைச் சிகிச்சைப் படிப்பு முடிந்துவிட்டது. களப்பயிற்சியில் நேரடி அமர்வு 310 மணி, மேற்பார்வை 58 மணி என்று என் தாளில் இருக்கிறது. இப்போது ஒரு சமூக நிலையத்தில் வேலை. கிழமைக்கு முதியோர் குழு இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி. அதோடு ஆறு பேருக்குத் தனி அமர்வு. ஒன்ராறியோ உளச்சிகிச்சையாளர் கல்லூரியில், அதுதான் சி.ஆர்.பி.ஓ.வில், தகுதிபெறும் பிரிவுக்கு (முழுப் பதிவுக்கு முன், மேற்பார்வையில் வேலை செய்பவர்களின் பிரிவு) விண்ணப்பம் போட்டாச்சு. பதிவு எண் இன்னும் வரவில்லை.

கேட்க வேண்டியவை: கனடிய கலைச் சிகிச்சைச் சங்கத்தின் ஆர்.சி.ஏ.டி. பட்டம் மட்டும் இருந்தால் போதாதா? நிலைய மேலாளர் கிழமைதோறும் ஒரு மணி என்னோடு இருந்து கதைக்கிறார், அது மேற்பார்வையா? முழுப் பதிவுக்குக் கேட்கும் 450 நேரடி மணிக்கு எவ்வளவு காலம் எடுக்கும்? பெயர் அட்டையில் என்ன போடலாம்?

களிமண் — மிசிசாகா

உங்கள் கேள்விகளுக்கு முன்னால் வேறொன்று. எண் வரவில்லை, ஆனால் ஆறு பேருக்குத் தனி அமர்வு நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே மேலாளரோடு கதையுங்கள். மாணவராக இருக்கும்வரை, பதிவுபெற்ற ஒருவரின் மேற்பார்வையில், படிப்பின் பகுதியாகச் செய்யச் சட்டத்தில் இடம் இருந்தது. படிப்பு முடிந்ததும் அந்தக் குடை மடங்கிவிடும். எண் வரும்வரை குழுவைத் திறந்த கலைக்கூடமாக நடத்துங்கள்: வண்ணம், களிமண், கூடிக் கதைப்பது, அவ்வளவே. தனி அமர்வில் இருப்பவர்களைப் பதிவுபெற்ற ஒருவரிடம் தற்காலிகமாக ஒப்படையுங்கள். "கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். யாரிடம், எந்த நாளில் இருந்து, திரும்பி எப்போது என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். இந்த இடைக்கால மணிகளை 450க்குள் சேர்க்கவும் பார்க்காதீர்கள்.

இனி ஆர்.சி.ஏ.டி. அது சங்கம் தரும் பட்டம். நல்ல பட்டம்தான், தொழிலுக்குள் மதிப்பு உண்டு. ஆனால் உரிமம் இல்லை. உரிமம் சி.ஆர்.பி.ஓ.விடம் இருந்துதான் வரும். "கல்லூரி" என்ற பெயரைப் பார்த்துப் பலர் படிக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். இது பொதுமக்களைப் பாதுகாக்கச் சட்டத்தால் அமைந்த ஒழுங்குமுறை அமைப்பு. 2007ஆம் ஆண்டின் உளச்சிகிச்சைச் சட்டம் 2015 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் இது முழு அமைப்பாக இயங்கத் தொடங்கியது. சங்கம் உறுப்பினருக்காக நிற்கும், கல்லூரி சேவைபெறுபவருக்காக நிற்கும். இரண்டையும் குழப்பினால் மிச்சம் எல்லாம் குழம்பும்.

தூரிகை — மார்க்கம்

களிமண் அண்ணா சொல்வதோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. ஒன்ராறியோவில் "கலைச் சிகிச்சையாளர்" என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. பாதுகாக்கப்பட்டது "உளச்சிகிச்சையாளர்" என்ற பெயர்தான். அந்தப் பெயரைப் பாவிக்காமல், ஆர்.சி.ஏ.டி.யோடு "கலைச் சிகிச்சையாளர்" என்று போட்டு வேலை செய்தால் எந்தச் சட்டத்தை மீறுகிறோம்?

களிமண் — மிசிசாகா

தூரிகை, பெயரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சட்டம் பெயரோடு நிற்கவில்லை, செயலையும் கட்டுப்படுத்துகிறது. 2017 டிசம்பர் 30இல் இருந்து உளச்சிகிச்சை என்பது கட்டுப்படுத்தப்பட்ட செயல். அதில் ஐந்து கூறுகள் இருக்கின்றன. ஒருவருக்குச் சிகிச்சை தருகிறோம்; உளச்சிகிச்சை உத்தியால் தருகிறோம்; சிகிச்சை உறவின் ஊடாகத் தருகிறோம்; அவருக்குச் சிந்தனை, அறிதல், மனநிலை, உணர்ச்சிக் கட்டுப்பாடு, புலனுணர்வு, நினைவு இவற்றில் கடுமையான கோளாறு இருக்கிறது; அந்தக் கோளாறு அவருடைய தீர்மானம், உள்நோக்கு, நடத்தை, தொடர்பாடல், சமூக வாழ்வு ஆகியவற்றைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. ஐந்தும் ஒருசேர அமைந்தால், அட்டையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நீங்கள் செய்வது அந்தச் செயல்தான்.

அதைச் செய்ய அனுமதி உள்ளவர்கள் ஆறு அமைப்புகளின் உறுப்பினர்கள்: உளச்சிகிச்சையாளர், உளவியலாளர், மருத்துவர், தாதியர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர். உங்கள் கையில் ஏற்கெனவே சமூகப் பணியாளர் பதிவு இருந்தால் அதன் கீழ் செய்யலாம். அப்படி ஒன்றும் இல்லை என்றால் ஆர்.சி.ஏ.டி. மட்டும் காப்பாற்றாது.

நடைமுறையில் எங்கே உதைக்கும் என்றால், முதியோர் குழுவில் ஒருவர் போர்க்கால நினைவுகளால் இரவில் நித்திரை இல்லை, வீட்டை விட்டு வெளியே போகவே முடியவில்லை என்று வரைந்து சொல்லத் தொடங்கும் அந்த நிமிடத்தில். அதுவரை அது கலை நிகழ்ச்சி. அதற்குச் சிகிச்சை கொடுக்கத் தொடங்கினால் ஐந்து கூறும் வந்து சேர்ந்துவிடும். நம் சமூகத்தில் இப்படி நடக்காத குழு அபூர்வம். அதனால்தான் "பெயரைத் தவிர்த்தால் போதும்" என்ற ஆலோசனையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

தூரிகை — மார்க்கம்

ஐந்து கூறையும் இப்படி வரிசையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சரி, நான் சொன்னதை மீளப் பெறுகிறேன். மேலே இருக்கும் என் பதிவை அழிக்கவில்லை, இதே எண்ணத்தோடு வருபவர்கள் பதிலையும் சேர்த்து வாசிக்கட்டும்.

மெழுகுவண்ணம் — அஜாக்ஸ்

மணிக்கணக்கைப் பற்றி நான் எழுதுகிறேன். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் அங்கேதான்.

தகுதிபெறும் பிரிவில் இருந்து முழுப் பதிவுக்கு மாற 450 நேரடி மணியும் 100 மேற்பார்வை மணியும் வேண்டும், பதிவுத் தேர்விலும் தேற வேண்டும். படிப்புக் காலத்து மணிகளும் இந்த 450க்குள் வரும். முழுப் பதிவு கிடைத்த பிறகும் தனித்து இயங்க முடியாது. மொத்தம் 1,000 நேரடி மணி, 150 மேற்பார்வை மணி ஆகும்வரை மேற்பார்வை தொடர வேண்டும். அந்த இரண்டாவது எல்லையை மறந்துவிட்டு, முழுப் பதிவு வந்த கிழமையே மேற்பார்வையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

நேரடி மணி என்றால் நீங்களும் சேவைபெறுபவரும் முறையாகச் சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும் நேரம். தனி, தம்பதி, குடும்பம், குழு எல்லாம் அடங்கும். புதிதாக வருபவரின் நிலையைக் கேட்டறியும் முதல் சந்திப்பும் அடங்கும். 45 அல்லது 50 நிமிடம் அமர்வு, மீதி நேரத்தில் அந்த அமர்வின் குறிப்பு, இரண்டும் அந்த ஒரு மணிக்குள்ளேயே முடிந்தால் முழுசாக ஒரு மணி. ஆனால் பின்னேரம் வீட்டுக்குப் போய் இரண்டு மணி இருந்து எழுதிய குறிப்பு கணக்கில் வராது. இன்னொருவர் நடத்தும் அமர்வில் ஓரமாக இருந்து பார்த்ததும் வராது. இணைந்து நடத்தினால் வரும். ஆனால் உண்மையிலேயே நடத்தியிருக்க வேண்டும், தாள் எடுத்துக் கொடுத்தது நடத்தியதாகாது.

கலைச் சிகிச்சைக்காரருக்கு மட்டும் இருக்கும் பொறி ஒன்று இருக்கிறது. ஒரு வரியை எழுதிக் காட்டுகிறேன்:

2025 மார்ச் 11, செவ்வாய். குழு, 6 பேர், இணை நடத்துநர் இல்லை. மேசை விரித்து, தண்ணீர் எடுத்து, தாள் வெட்டி வைத்தது 30 நிமிடம்: 0. குழு அமர்வு 90 நிமிடம்: 1.5. தூரிகை கழுவி, படங்களை உலர்த்தும் தட்டில் அடுக்கியது 25 நிமிடம்: 0. அன்றைய நேரடி மணி: 1.5.

பேச்சு வழிச் சிகிச்சையாளர் கதவைத் திறந்து உட்கார்ந்தால் அமர்வு தொடங்கிவிடும். நமக்கு முன்னும் பின்னும் ஒரு மணி போகும். அதுவும் உழைப்புத்தான், ஆனால் அந்தப் பெட்டிக்குள் போடக்கூடாது. "சிகிச்சைச் சூழலைத் தயாரிப்பது சிகிச்சையின் பகுதி" என்று வாதிடலாம். கோட்பாட்டில் அது சரிதான். மணித்தாளில் சரியில்லை.

இன்னொன்று, குழுவில் ஆறு பேர் இருந்தார்கள் என்று 1.5ஐ ஆறால் பெருக்கி 9 என்று எழுதக் கூடாது. கணக்கு உங்கள் மணிக்கு, வந்தவர்களின் மணிக்கு இல்லை. இது சின்னத் தவறு போலத் தெரியும். ஆனால் ஒரு தவணை முழுக்க இப்படிப் பெருக்கிவிட்டால், பிறகு திருத்தும்போது மொத்தக் கணக்கும் சரிந்துவிடும்.

தாளில் நாள், இடம், தனியா குழுவா, நேரடி மணி, அந்த நேரம் யார் மேற்பார்வையாளர், இவ்வளவும் இருந்தால் போதும். சேவைபெறுபவர் பெயரோ முதலெழுத்தோ வேண்டாம், குறியீட்டு எண் போடுங்கள். அன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் நாட்காட்டியைப் பார்த்து நிரப்பினால், வராமல் போனவர்களின் அமர்வும் தெரியாமல் உள்ளே வந்துவிடும்.

களிமண் — மிசிசாகா

மேலாளரோடு கதைக்கும் அந்த ஒரு மணி பற்றி. அவர் யார், என்ன கதைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விடுமுறை, வரவு, பொருட்செலவு, எத்தனை பேர் வந்தார்கள் என்றால் அது நிர்வாகம். மேற்பார்வை என்றால் ஒரு குறிப்பிட்ட சேவைபெறுபவரோடு நடந்ததை, உங்களுக்குள் என்ன எழுந்தது என்பதையும் சேர்த்து, படத்தை முன்னால் வைத்துக் கதைப்பது.

ஒன்ராறியோவில் அந்த மேற்பார்வையாளர், மேலே சொன்ன ஆறு அமைப்புகளில் ஒன்றில் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும். உளச்சிகிச்சையில் ஐந்து ஆண்டு ஆழ்ந்த அனுபவம் இருக்க வேண்டும். மேற்பார்வை செய்வது எப்படி என்பதையே 30 மணி கற்றிருக்க வேண்டும். தனித்து இயங்கும் தகுதியும் வேண்டும். பதினைந்து வருடம் ஆர்.சி.ஏ.டி.யாக இருந்து நல்ல பெயர் எடுத்தவர், ஆனால் எந்த அமைப்பிலும் பதிவு இல்லை என்றால், அவரிடம் கற்கலாம், மணி எழுத முடியாது. மனம் நோகாமல் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள், அது யாரும் பார்க்கக்கூடியது. நிபந்தனை ஏதும் பெயருக்குக் கீழே இருந்தால் அதுவும் அங்கே தெரியும்.

கையெழுத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குங்கள். மேற்பார்வையாளர் ஓய்வு பெறுவார், ஊர் மாறுவார், நோயில் விழுவார். இரண்டு வருட மணியை ஒரே நாளில் உறுதிப்படுத்தச் சொல்லி யாரையும் தேடிப் போகும் நிலை வரக்கூடாது.

இனி உங்கள் காலக்கணக்கு. 450 − 310 = 140 மணி. கிழமைக்குக் குழு 3 மணி, தனி 6 மணி, ஆக 9. சுமார் 16 கிழமை. நாலு மாதம் என்று சந்தோஷப்பட வேண்டாம். மேற்பார்வையில் 100 − 58 = 42 மணி மிச்சம். கிழமைக்கு ஒரு மணி என்றால் 42 கிழமை. இரண்டு கிழமைக்கு ஒன்று என்றால் 84. உங்களைக் காக்க வைக்கப் போவது மேற்பார்வைதான், நேரடி மணி இல்லை. கிட்டத்தட்ட எல்லாருக்குமே இப்படித்தான், ஆனால் எல்லாரும் 450ஐயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிழமைக்கு இரண்டு மணி எடுக்கலாம், ஒன்று தனியாக, ஒன்று சிறு குழுவாக. அப்போது 21 கிழமை. காசுக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: மணிக்கு 120 டொலர் என்று பேசினால் 42 மணிக்கு 5,040. நிலையம் அதில் ஒரு பங்கு கொடுக்குமா என்று வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கேளுங்கள். சம்பளம் கூட்ட மறுப்பவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பதுண்டு.

களஞ்சியம் — நியூ ஜெர்சி

அமெரிக்கப் பக்கத்தையும் சொல்லிடறேன், பல பேர் ரெண்டையும் கலந்து கேக்கறாங்க. இங்கேயும் அதே ரெட்டைப் படிதான். தேசிய அளவுல ஏ.டி.சி.பி. அப்படின்னு ஒரு சான்றளிப்பு வாரியம், 1993ல வந்தது. அது ஏ.டி.ஆர்., ஏ.டி.ஆர்-பி.சி. பட்டங்களைத் தருது. அதுக்கு மேல மாநில உரிமம் தனி.

ஏ.டி.ஆர். வாங்க, அங்கீகாரம் உள்ள முதுகலை முடிச்சவங்களுக்கு, படிப்புக்குப் பிறகு 1,000 நேரடி மணி, 100 மேற்பார்வை மணி. பத்து மணிக்கு ஒரு மணி மேற்பார்வைங்கற விகிதம். மேற்பார்வையில குறைந்தது பாதியாவது ஏ.டி.ஆர்-பி.சி. அல்லது சான்றுபெற்ற கலைச் சிகிச்சை மேற்பார்வையாளர்கிட்ட இருக்கணும். கனடாவோட ஒப்பிட்டா முக்கியமான வித்தியாசம் இதுதான்: ஒன்ராறியோ உங்க மேற்பார்வையாளர் உளச்சிகிச்சையில பதிவு பெற்றவரான்னு பாக்குது, அவர் கலைச் சிகிச்சைக்காரரா இருக்கணும்னு கேக்கல. இங்கே பாதி மணி கலைச் சிகிச்சைக்காரர்கிட்டயே இருக்கணும். அதனால எல்லையைத் தாண்டி வேலை தேடற எண்ணம் இருந்தா, ரெண்டு பதிவும் உள்ள ஒருத்தரை இப்பவே தேடுங்க. படிப்புக் கால மணி இங்கே இந்த 1,000ல சேராது, அதையும் மனசுல வெச்சுக்கங்க.

ஏ.டி.ஆர்-பி.சி.க்கு வாரியத் தேர்வு எழுதணும். தக்கவெச்சுக்க அஞ்சு வருஷத்துக்கு 100 தொடர்கல்விப் புள்ளி, அதுல 6 நெறிமுறைக்கு. வருஷத்துக்கு 20ன்னு பிரிச்சா லேசு. நாலு வருஷம் விட்டுட்டு கடைசி வருஷம் 100ஐயும் துரத்தினா கிடைச்ச பயிலரங்கத்துல எல்லாம் உக்கார வேண்டியிருக்கும், பணமும் போகும், கத்துக்கறதும் ஒண்ணும் இருக்காது. நெறிமுறை 6ஐ முதல் வருஷமே முடிச்சிடுங்க. சான்றிதழ்ல நாள், மணி, நடத்தின அமைப்போட பெயர் இருக்கான்னு வாங்கும்போதே பாருங்க. தணிக்கைக்குக் கூப்பிடும்போது "கலந்துகொண்டார்" மட்டும் போட்ட தாள் உதவாது.

மாநில உரிமத்துல நியூயார்க் பெரிய சந்தை. அங்கே பேரு எல்.சி.ஏ.டி., படைப்புக் கலைச் சிகிச்சையாளர் உரிமம். மேற்பார்வையோட 1,500 மணி வேணும், அதுக்கு முன்னாடி தற்காலிக அனுமதி எடுக்கணும். அந்த அனுமதியை வெச்சு சொந்தமா கிளினிக் தொறக்க முடியாது. உரிமம் வந்தப்புறம் மூணு வருஷத்துக்கு 36 மணி தொடர்கல்வி. ஏ.டி.ஆர்-பி.சி. இருக்குங்கறதால மாநில உரிமம் தானா வந்துடாது, மாநில உரிமம் இருக்குங்கறதால ஏ.டி.ஆர்-பி.சி.யைப் புதுப்பிக்காம விடவும் கூடாது.

வெண்பலகை — லண்டன்

இங்கிலாந்தில் விஷயம் நேராக இருக்கிறது. எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்புத்தான் பதிவேட்டை வைத்திருக்கிறது. அது அங்கீகரித்த முதுகலையை முடித்தால் நேரடியாகப் பதிவு செய்யலாம், பிறகு 450, 1,000 என்று மணி சேர்க்கத் தேவையில்லை. "கலைச் சிகிச்சையாளர்", "கலை உளச்சிகிச்சையாளர்" என்ற பெயர்களே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பதிவு இல்லாமல் போட்டுக்கொள்வது குற்றம். பிரித்தானியக் கலைச் சிகிச்சைச் சங்கம் 1964இல் இருந்து இருக்கிறது, ஆனால் பதிவேடு அதனிடம் இல்லை.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது இந்தத் தொழிலில் உள்ளவர்களில் 2.5 விழுக்காட்டினரைத் தற்செயலாகத் தெரிந்தெடுத்து, தொழில்வளர்ச்சிப் பதிவைக் கேட்பார்கள். இத்தனை மணி, இத்தனை புள்ளி என்ற கணக்கு இங்கே இல்லை. அதனால் பலர் ஒன்றும் எழுதி வைப்பதில்லை, தெரிவானதும் திண்டாடுகிறார்கள். கேட்பது இது: நாளிட்ட பட்டியல், நீங்கள் செய்யும் வேலையின் சுருக்கம் 500 சொல்லுக்குள், தனி அறிக்கை 1,500 சொல்லுக்குள், சான்றுகள். அறிக்கையில் எத்தனை பயிலரங்கு என்று அடுக்குவதால் பயன் இல்லை. நீங்கள் கற்ற ஒன்று உங்கள் வேலையை எப்படி மாற்றியது, சேவைபெறுபவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்றுதான் மதிப்பிடுபவர் பார்ப்பார். மறதிநோய் உள்ளவர்களோடு வேலை செய்பவர், சிறு தூரிகையை விட்டுத் தடித்த பிடியுள்ள கடற்பஞ்சுத் தூரிகைக்கு ஏன் மாறினார், அதற்குப் பிறகு யார் எவ்வளவு நேரம் தானாக வரைந்தார் என்று ஒரு பந்தி எழுதினால், அது மூன்று சான்றிதழுக்குச் சமன்.

பிள்ளைப்பேறு, பெற்றோரைப் பார்ப்பது என்று வேலையை விட்டவர்களுக்கு: இரண்டு ஆண்டுக்கு மேல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் அறிவையும் திறனையும் 30 நாள் புதுப்பிக்க வேண்டும், ஐந்துக்கு மேல் என்றால் 60 நாள். ஒரு நாள் என்பது 7 மணி. வீட்டில் இருந்து தனியாகப் படிப்பது பாதிக்கு மேல் இருக்கக்கூடாது, மிச்சம் மேற்பார்வையோடு வேலை அல்லது முறையான படிப்பு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் முடித்திருக்க வேண்டும்.

கோலமாவு — சென்னை

இந்தியாவில் இருந்து வெளியே போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு இருக்கிறது. கலைச் சிகிச்சைக்கு அப்படிப் பதிவேடு நடைமுறையில் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளர் என்று பெயர் இடம்பெற்றிருக்கிறது. பெயர் அட்டவணையில் வந்ததும் உரிமம் வந்துவிட்டது என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களிடம் கவனமாக இருங்கள்.

வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு வேறு, முதுகலை வேறு. சி.ஆர்.பி.ஓ. குறைந்தது 360 மணி உளச்சிகிச்சைக் கல்வியை எதிர்பார்க்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத படிப்பு என்றால், ஒவ்வொரு திறனுக்கும் எதிரே எந்தப் பாடத்தில் அதைப் படித்தீர்கள் என்று நீங்களே பொருத்திக் காட்ட வேண்டும். அதற்குப் பாடத்திட்டம் வேண்டும், அதுவும் நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டம். இன்றைக்கு இணையத்தில் கிடைப்பது செல்லாது. படிப்பை முடித்துக் கிளம்பும் நாளிலேயே, பாடவாரியாக மணி, களப்பயிற்சி இடம், நேரடி மணி, மேற்பார்வையாளரின் தகுதி எல்லாம் போட்டு, முத்திரை வைத்த கடிதம் இரண்டு பிரதி வாங்கிவிடுங்கள். துறைத்தலைவர் மாறிய பிறகு பழைய பதிவைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலத் தேர்வில் ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் கீழே போகக்கூடாது. எழுத்துப் பகுதியில் 6.0 வாங்கித் திரும்ப எழுதுபவர்கள்தான் அதிகம், அதற்கு மட்டும் தனியாகப் பயிற்சி எடுங்கள்.

மெழுகுவண்ணம் — அஜாக்ஸ்

பெயர் அட்டைக் கேள்வி விடுபட்டுப் போச்சு. எண் வந்ததும் "பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் (தகுதிபெறும்)" என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து முழுசாகப் போடுங்கள். அந்தச் சொல்லை ஒற்றை எழுத்தாகச் சுருக்க வேண்டாம், பார்ப்பவருக்கு விளங்காது. அதற்குப் பிறகு "கலைச் சிகிச்சையாளர்" என்று சேர்க்கலாம். மின்னஞ்சல் கையொப்பம், நிலையத்தின் இணையப் பக்கம், பற்றுச்சீட்டு மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நிலையத்தின் பக்கத்தை வேறு ஆட்கள் எழுதுவதால் அங்கேதான் பிழை வரும், நீங்களே போய்ப் பாருங்கள்.

காப்புறுதி: சில திட்டங்கள் தகுதிபெறும் பிரிவினரை ஏற்கும், சில ஏற்காது, சில மேற்பார்வையாளரின் பெயரும் எண்ணும் பற்றுச்சீட்டில் இருந்தால் மட்டும் ஏற்கும். முதல் அமர்வுக்கு முன் சேவைபெறுபவரே தன் திட்டத்துக்கு அழைத்துக் கேட்கட்டும். நீங்கள் உறுதி கொடுக்காதீர்கள். உளச்சிகிச்சையாளரின் சேவைக்கு 2024 ஜூன் 20இல் இருந்து விற்பனை வரி இல்லை. பழைய கட்டணத்தாளில் விற்பனை வரி சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

பதிவேடுகள். கடைசிச் சந்திப்பில் இருந்து 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சிறுவர் என்றால் 18 வயதாகும் நாளில் இருந்து 10 ஆண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கோப்பை அவருக்கு 28 வயதாகும்வரை காக்க வேண்டும். படம் அந்தக் கோப்பின் பகுதியா, அல்லது வரைந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் சொத்தா என்பதை முதல் நாள் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். கொண்டுபோனால் ஒளிப்படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள், சொந்தக் கைப்பேசியில் இல்லை, நிலையத்தின் பூட்டுள்ள கணினியில். வைத்திருப்பதென்றால் பின்பக்கம் பெயருக்குப் பதில் குறியீட்டு எண். எண்ணெய்ப் பாஸ்டல் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒன்றின் நிறம் மற்றதில் அப்பிவிடும், நடுவே வழுவழுப்பான மெல்லிய தாள் வைக்க வேண்டும். சுடாத களிமண் உடையும், நாலு பக்கமும் ஒளிப்படம் எடுத்துவிடுங்கள்.

குறிப்பு எழுதும் மொழி பற்றியும் ஒன்று. அமர்வு தமிழில் நடந்தாலும், மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது என்றால் ஆங்கிலத்தில் எழுத வேண்டிவரும். ஆனால் அவர் "நெஞ்சுக்குள்ள பொருமுது" என்று சொன்னால், அதைப் பதற்றம் என்றோ மூச்சுத்திணறல் என்றோ மட்டும் எழுதாதீர்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே போட்டு, பக்கத்தில் பொருள் எழுதுங்கள். ஐந்து மாதம் கழித்து அதே ஆள் அதே சொல்லை எந்தப் படத்துக்குப் பாவிக்கிறார் என்று தேட முடியும்.

தூரிகை — மார்க்கம்

தக்கவைப்பது பற்றி ஒன்றும் வரவில்லையே. முழுப் பதிவுக்குப் பிறகு ஒன்ராறியோவில் என்ன கேட்பார்கள்?

களிமண் — மிசிசாகா

மூன்று ஆண்டில் 750 மணி தொழிலில் இருந்திருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், இது நேரடி அமர்வு மட்டும் இல்லை. மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தொழில்வளர்ச்சி எல்லாம் அடங்கும். மெழுகுவண்ணம் 0 போட்டுக் காட்டிய மேசை விரிப்பும் தூரிகை கழுவுதலும் வேலையோடு சேர்ந்த நேரமாக இங்கே வரும். பகுதிநேரம் செய்பவர்களுக்கும் கிழமைக்கு ஐந்து மணி என்றால் ஆண்டுக்கு 250 ஆகிவிடும். அதோடு, தன்மதிப்பீடும் கற்றல் திட்டமும் குறித்த காலத்தில் எழுத வேண்டும்.

நீண்ட விடுப்பு என்றால் செயல்படாத பிரிவுக்கு மாறலாம். அந்தக் காலத்தில் ஒன்ராறியோவில் சிகிச்சை கொடுக்கக்கூடாது, மேற்பார்வையும் செய்யக்கூடாது. கட்டணத்தைக் கட்டாமல் பதிவு தானாக நின்றுபோக விடுவதைவிட, எழுதிக் கொடுத்துப் பிரிவு மாறுவது எப்போதும் நல்லது.

நீர்வண்ணம் — ஸ்காபரோ

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஆறு பேரையும் நிலையத்தில் உள்ள சமூகப் பணியாளர் ஒருவரிடம் ஒப்படைத்தாச்சு. எண் நேற்று வந்தது. புது மேற்பார்வையாளரைப் பதிவேட்டில் பார்த்தேன், சரியாக இருக்கிறார், கிழமைக்கு ஒரு மணி.

ஆனால் மெழுகுவண்ணம் எழுதியதைப் பார்த்துவிட்டுப் பழைய தாளை எடுத்தேன். ஒரு தவணையில் ஐந்து பேர் கொண்ட குழு, ஒன்றரை மணி, எட்டு கிழமை. ஒவ்வொன்றையும் 7.5 என்று போட்டிருக்கிறேன். களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளரும் 310க்குக் கையெழுத்து வைத்துவிட்டார். இப்போது என்ன செய்வது?

மெழுகுவண்ணம் — அஜாக்ஸ்

7.5ஐ எட்டால் பெருக்கினால் 60. உண்மையில் 1.5 எட்டுத் தடவை, 12. ஆக 48 கூடுதல். உங்கள் நேரடி மணி 262.

தாளை அழிக்கவோ புதுசாக எழுதவோ வேண்டாம். எட்டு வரியிலும் 7.5க்கு மேல் ஒற்றைக் கோடு, பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்தில் 1.5, உங்கள் சுருக்கெழுத்து, இன்றைய நாள். கீழே ஒரு வரி: குழு மணி ஆள்வாரியாகப் பெருக்கப்பட்டது, திருத்தப்பட்டது. பிறகு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, 262 என்று திருத்திய கடிதம் கேளுங்கள். முழுப் பதிவுக்கு விண்ணப்பம் போடும்போது மணிகள் உண்மை என்று நீங்கள் உறுதிமொழி கொடுக்கிறீர்கள். தெரிந்துகொண்டே 310ஐ அனுப்பினால் அது கணக்குப் பிழை இல்லை, ஒழுக்கக்கேடு. இப்போதே பிடித்ததால் இது வெறும் திருத்தம்.

களிமண் — மிசிசாகா

காலமும் மாறவில்லை. 450 − 262 = 188, கிழமைக்கு 9 என்றால் 21 கிழமை. மேற்பார்வைக்கு எப்படியும் 42 கிழமை வேண்டும். எண் வந்த நாளில் இருந்து புதுத் தாள் தொடங்குங்கள், முதல் வரியில் அந்த நாளையும் எண்ணையும் எழுதுங்கள். தனி அமர்வு ஆறு பேரையும் ஒரே கிழமையில் திரும்ப எடுக்காமல், சமூகப் பணியாளரோடு சேர்ந்து ஒவ்வொருவரையும் ஒரு தடவை சந்தித்துவிட்டுப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.